கீழ்வீட்டில் ஓடிய படகு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் பல்செட்காரர் கேம் மெஷினைத் திட்ட ஆரம்பித்தார். மூன்றேகாலுக்கு அதைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“எத்தனை தடவை தேடச் சொன்னாலும் ஒரே பதில். ‘சாதனம் எதுவும் கிடைக்கவில்லை.’ கிடைக்கலையாம்! அலமாரிக்குள்ள குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கு பெட்டி. இதுக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு?”

அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். ஊரிலுள்ள கட்டடங்களின் லிஃப்ட்டுகளெல்லாம் வருஷத்துக்கு ஒரு முறை அவள் கையெழுத்துக்குக் காத்திருக்கும். வாட்ச்மேன்கள் வைத்த பெயர் லிஃப்ட்டம்மா. நாளடைவில் வீடுவரைக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவே கூண்டு நின்றுபோனாலும் பதறாதவள், இன்று ஒரு விளையாட்டு மெஷினைப் பார்த்துப் பதறினாள்.

விஷயம் இதுதான். பல்செட்காரருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அப்போது ஒரு விடுமுறை நாளில் எல்லாரும் ஏரிக்குப் போனார்கள். ஒரே படகில் லிஃப்ட்டம்மாவின் மாமனார், அதாவது அண்ணன் தம்பியின் அப்பா, அப்புறம் அண்ணன், அண்ணி, பல்செட்காரர், லிஃப்ட்டம்மா என்று ஐந்து பேர் ஏறினார்கள். கொஞ்ச தூரம் போனதும் படகு கவிழ்ந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மாமனாரின் பல்செட் ஏரியோடு போயிற்று. பல்செட்காரர் தொழில் கற்றுக்கொண்டு தன் கையால் முதன்முதலில் செய்த செட் அது.

“நீ காமிராவைத் தூக்கிட்டு எழுந்து நின்னே, அதான் கவுந்துச்சு” என்றார் அண்ணன். “நீ கொக்கு காட்டறேன்னு எழுந்து நின்னே, அதான் கவுந்துச்சு” என்றார் தம்பி. கரையேறுவதற்குள் அது வாக்குவாதம், வீடு வந்து சேர்வதற்குள் பகை. நடுவில் மாமனாரும் காலமானார். அன்றைக்குக்கூட இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் நின்று, ஆளுக்கொரு சுவரைப் பார்த்து அழுதார்களே தவிர, முகம் பார்க்கவில்லை.

அன்று எல்லாரும் நனைந்தார்கள், காமிரா மட்டும் நனையவில்லை. அந்தக் காமிராவின் டேப் போன மாதம் பரணில் அகப்பட்டது. பல்செட்காரர் அதை ஸ்டுடியோவில் கொடுத்து மாற்றி வாங்கி, குடும்பத்து வீடியோக்கள் எல்லாம் இருக்கும் கறுப்புப் பெட்டியில் போட்டு வைத்தார். ஆனால் ஒரு நிமிஷம்கூட ஓட்டிப் பார்க்கவில்லை. “நான் முன்னாடியே பாத்தா, வெட்டி ஒட்டிட்டேன்னு சொல்வான். அவன் கண்ணு முன்னாலதான் முதல் தடவையா ஓடணும்.” அண்ணி மூலமாகச் சொல்லியனுப்பினார். அண்ணி மூலமாகவே பதிலும் வந்தது: ஞாயிறு நாலு மணி.

இதில் யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. அன்று படகில் எழுந்து நின்றது அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. லிஃப்ட்டம்மாதான். அவள் முழங்காலில் ஒரு குளவி வந்து உட்கார்ந்தது. ‘நடுவுல நில்லுங்க, ஆடாதீங்க’ என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள், ‘ஐயோ’ என்று துள்ளி எழுந்துவிட்டாள். அண்ணன் கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார், தம்பியின் கண்ணும் அவர் காட்டிய கொக்கில்தான், காமிரா மட்டும் கையில் தானாக ஓடிக்கொண்டிருந்தது, மாமனார் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அண்ணி தண்ணீருக்குப் பயந்து கண்ணையே மூடிக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கே சொல்லியிருப்பாள், ஆனால் இரண்டு பேரும் கத்திய கத்தலில் இடைவெளி கிடைக்கவில்லை. மறுநாள் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. மறுவாரம் பயமாக இருந்தது. பதினோரு வருஷத்தில் அது முழுப் பூசணிக்காய் ஆகிவிட்டது, மறைக்கத்தான் சோறு போதவில்லை.

காமிராவில் தான் விழுந்திருக்கிறோமா இல்லையா என்பது அவளுக்கும் தெரியாது.

வெளியூரில் படிக்கும் மகளுக்குப் பல்செட்காரர் போன் போட்டார். அவள் விட்டுப்போன கேம் மெஷின்தான் அது. பழைய டிவியில் பெட்டியிலிருக்கும் வீடியோவை ஓட்ட அந்த மெஷினை விட்டால் வேறு வழியில்லை.

“அப்பா, பெட்டியும் மெஷினும் ஒரே வைஃபைலதான் இருக்கா?”

“ஒரே வீட்லதான்டி இருக்கு!”

“ஒரே வீட்ல இருந்தா போதாதுப்பா. நீங்களும் பெரியப்பாவும்கூட ஒரே வீட்லதானே பொறந்தீங்க.”

பல்செட்காரர் போனை மனைவியிடம் நீட்டிவிட்டு, பெட்டி, மெஷின், வைஃபை டப்பா மூன்றையும் ஒன்றாக அணைத்து ஒன்றாகப் போட்டார். மறுபடியும் ‘சாதனம் எதுவும் கிடைக்கவில்லை.’

“ஏங்க, ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் தொடணும். மூணையும் சேத்துத் தொட்டா எது சரி பண்ணுச்சுன்னு எப்படித் தெரியும்?”

“சரியானாப் போதாதா? எதுன்னு தெரிஞ்சு மாலையா போடப் போறோம்?”

இந்த இடத்தில் லிஃப்ட்டம்மா கையை விரித்திருக்கலாம். ‘என்னால ஆகலைங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பூசணிக்காய் தப்பித்திருக்கும். அவளுக்கும் அது நன்றாகவே தெரிந்தது. ஆனால் இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் ‘காரணம் தெரியவில்லை’ என்று அவள் ஒரு தாளிலும் எழுதியதில்லை. பழுது என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் கை சும்மா இருக்காது. வேண்டாம் வேண்டாம் என்று மனம் சொல்லச் சொல்ல, கை டார்ச்சை எடுத்துக்கொண்டு படுக்கையறை அலமாரிக்குள் போயிற்று. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. ஹாலில் வைஃபை டப்பாவிலும் எரிந்தது. மெஷினிலும் இணையம் வந்தது. மூன்றும் நல்லபடியாகத்தான் இருந்தன, ஒன்றை ஒன்று தெரிந்த மாதிரி மட்டும் காட்டிக்கொள்ளவில்லை.

சரியாக நாலு மணிக்கு அழைப்பு மணி அடித்தது.

அண்ணன் லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களுக்கு டிரைவிங் டெஸ்ட் வைப்பவர். வாசற்படி தாண்டும்போதுகூட வலது பக்கம், இடது பக்கம் பார்த்துவிட்டுத்தான் தாண்டுவார். பின்னால் அண்ணி வந்தாள். அண்ணன் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, தம்பி நிற்கும் திசையைத் தவிர மற்ற எல்லாத் திசையையும் பார்த்தார்.

“ஏம்மா, நாலு மணின்னு சொன்னாங்க. நாலாச்சு. சாட்சி எங்க?”

பல்செட்காரர் டிவியைப் பார்த்துச் சொன்னார்: “வந்தவங்களைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு.”

“சாட்சியே இல்லன்னு ஒத்துக்கச் சொல்லும்மா. நான் கிளம்பறேன்.”

“கிளம்பறவங்க தோத்ததா அர்த்தம்னு சொல்லு.”

“நான் ஒண்ணும் தபால் பெட்டி இல்ல” என்றாள் அண்ணி பொதுவாக.

லிஃப்ட்டம்மா யாரையும் பார்க்கவில்லை. போனில் பெட்டியின் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஹாலில் நின்றாள். பெட்டி தெரியவில்லை. படுக்கையறைக்குள் போனாள். ‘நம்ம குடும்பம்’ என்று பல்செட்காரர் பெட்டிக்கு வைத்த பெயர் பளிச்சென்று வந்தது. ஹாலுக்குத் திரும்பினாள், காணாமல் போயிற்று. மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. என்ன நடக்கிறதென்று புரியாமலே பல்செட்காரரும் பின்னால் நடந்தார், அவர் பின்னால் அண்ணி, கடைசியில் அண்ணன். நாலு பேரும் ரயில் பெட்டி மாதிரி வரிசையாகப் படுக்கையறைக்கும் ஹாலுக்கும் போய் வந்தார்கள்.

“திடீர்னு பிரேக் போடாதீங்கம்மா, பின்னால ஆள் வருது” என்றார் அண்ணன்.

ஆறாவது நடையில்தான் அவள் போனின் மேல் ஓரத்தைக் கவனித்தாள். படுக்கையறைக்குள் கால் வைத்ததும் போன் இந்த வீட்டு வைஃபையை விட்டு வேறொன்றுக்குத் தாவியது. அதன் பெயர் ‘டைம்கீப்பர்’.

கீழ்வீட்டில் இருப்பவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இடி விழுந்து இவர்கள் வைஃபை டப்பா கருகியபோது, புதுசு வரும்வரை எங்களுடையதை உபயோகித்துக்கொள்ளுங்கள் என்று பாஸ்வேர்டைக் கொடுத்தார். பல்செட்காரர் அதைக் கறுப்புப் பெட்டியில் போட்டார், தன் லேப்டாப்பில் போட்டார், மனைவியின் போனிலும் போட்டார். மூன்று வாரத்தில் புது டப்பா வந்தது. ஹாலில் இருந்தவை அதற்கு மாறின. படுக்கையறையில் இருந்தவற்றை மாற்ற மறந்தே போனார். அவர் லேப்டாப்பில் அந்த அறைக் கட்டிலில் உட்கார்ந்துதான் வேலை பார்ப்பார், அதனால் ஒரு குறையும் தெரியவில்லை.

“ஏங்க, நம்ம பெட்டி ரெண்டு வருஷமாக் கீழ்வீட்டோட குடித்தனம் பண்ணிட்டிருக்கு” என்றாள்.

“அப்போ கூட்டிட்டு வா!”

கூட்டிவர இரண்டு நிமிஷம் போதும். ஆனால் லிஃப்ட்டம்மாவுக்கு அந்த இரண்டு நிமிஷத்தை இருபதாக நீட்டினால் தேவலை என்று இருந்தது. “சொல்லாம எடுத்தா மரியாதையா இருக்காது. ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்” என்று கீழே இறங்கினாள்.

கீழ்வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே டைம்கீப்பர், அவர் மனைவி, அவர் தங்கை மூன்று பேரும் சுவரை அடைத்த ஒரு பெரிய டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் படம் நின்றிருந்தது. ஏரி. படகு. படகின் நடுவே வாயைப் பிளந்துகொண்டு, இரண்டு கையையும் விரித்து நின்ற பெண்பிள்ளையை லிஃப்ட்டம்மா அடையாளம் கண்டுகொள்ள ஒரு கணம் ஆயிற்று.

“நீங்களே வந்துட்டீங்களா!” டைம்கீப்பரின் மனைவி எழுந்து ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ரொம்ப நாளாப் பாராட்டணும்னு இருந்தோம். கூச்சமா இருந்துச்சு.”

“இது... எப்படி...”

“டிவியில தானா வந்துச்சும்மா. ‘நம்ம குடும்பம்’னு. நடுவுல விளம்பரமே இல்லாத சீரியல். ரெண்டு வருஷமாப் பாக்கறோம்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “அப்போ நாங்க புதுசாக் குடி வந்திருந்தோம், முதல்ல யாரோ நடிகைன்னுதான் பாத்தோம். அப்புறம் மாடிப்படியில உங்களைப் பாத்ததும் கை கால் ஓடல. அந்த லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வேஷம் உங்களுக்கு அப்படியே பொருந்துதுங்க.”

“வேஷமா? நான் லிஃப்ட் இன்ஸ்பெக்டர்தாங்க.”

“பாத்தீங்களா, இன்னும் அதுலேயே இருக்காங்க!” என்று தங்கை வியந்தாள்.

டைம்கீப்பர் தொண்டையைச் செருமினார். “உங்க புருஷனா நடிக்கிறவரும் உங்க வீட்லயே தங்கியிருக்காரு. அது மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் சங்கடமா இருந்துச்சு. ஆனா கலைஞர்கள் வாழ்க்கையில நாம தலையிடக் கூடாதுன்னு விட்டுட்டோம்.”

அவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தார், அவருடைய நோட்டு ஓய்வு பெறவில்லை. அதில் எந்த வீடியோவில் எந்த நிமிஷம் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று டிப்போவில் பஸ் குறிக்கிற மாதிரி குறித்து வைத்திருந்தார். “இது புதுப் பாகம். போன மாசம் வந்துச்சு. பத்தொன்பதாவது நிமிஷம் இருபதாவது வினாடியில நீங்க எழுந்திருக்கறீங்க. ஏன்னுதான் பிடிபடல. என் வீட்டுக்காரி நீங்க குதிக்கப் போறீங்கங்கறா. என் தங்கச்சி, ஏதோ பூச்சிங்கறா. முப்பத்தெட்டு தடவை பாத்துட்டோம்.”

“குளவி” என்றாள் லிஃப்ட்டம்மா. பதினோரு வருஷத்தில் அந்த வார்த்தை முதல் முறையாக அவள் வாயிலிருந்து வந்தது.

“நான் சொன்னேன்ல!” தங்கை நாற்காலியில் எம்பிக் குதித்தாள்.

ஒரு நிமிஷம் அவளுக்கு மூச்சு லேசானது. அடுத்த நிமிஷம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். மேலே அண்ணன் வந்திருப்பதாகச் சொல்லிவிட்டாள்.

“யாரு, அந்த டிரைவிங் டெஸ்ட்காரரா? நேர்லயா?”

மூன்று பேரும் செருப்பைத் தேடக்கூட நிற்கவில்லை. படியில் அவர்கள் ஏறும் வேகத்தைப் பார்த்ததும் லிஃப்ட்டம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இவர்கள் வாயால் வெளியே வருவதைவிடத் தன் வாயால் வருவதே மேல். இரண்டு இரண்டு படியாகத் தாவி, அவர்களை முந்திக்கொண்டு ஹாலுக்குள் பாய்ந்தாள்.

“படகுல எழுந்து நின்னது நான்தான்! முழங்கால்ல குளவி. நான் எழுந்தேன், படகு கவுந்துச்சு. உங்க ரெண்டு பேர் மேலயும் தப்பே இல்ல.”

அண்ணன் அனுதாபத்தோடு தலையை ஆட்டினார்.

“புருஷனைக் காப்பாத்தப் பழியைத் தன் தலையில போட்டுக்கறே. நல்ல பொண்ணும்மா நீ.”

“என்னை எதுக்குக் காப்பாத்தணும்?” பல்செட்காரர் மனைவியின் மேல் பாய்ந்தார். “நீ அந்த ஆளையில்ல காப்பாத்தறே! நீ யார் பக்கம்?”

“ஏங்க, நிஜமாவே நான்தாங்க.”

“உன் எடைக்குப் படகு கவுந்துடுமா? நீ நின்னா தண்ணியில ஒரு வளையம்கூட வராது.”

“அதானே” என்றார் அண்ணன். பதினோரு வருஷத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. வளர்த்த பகையை ஒரு குளவிக்கு விட்டுக்கொடுக்க இருவரும் தயாராக இல்லை. லிஃப்ட்டம்மாவுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஒரு காகிதத்தை எடுத்து, படகின் அகலம் இத்தனை, ஓரத்தில் இத்தனை கிலோ நின்றால் இந்தப் பக்கம் இவ்வளவு சாயும் என்று கணக்குப் போட்டுத் தன் குற்றத்தை நிரூபிக்க ஆரம்பித்தாள்.

“பத்தொன்பது நிமிஷம், இருபது வினாடி” என்று வாசலில் நின்று நோட்டிலிருந்து வாசித்தார் டைம்கீப்பர். “அம்மா எழுந்திருக்காங்க. இருபத்திரண்டாவது வினாடி, படகு கவிழுது. பெரியவர் உக்காந்தபடி. சின்னவர் காமிராவுக்குப் பின்னால இருக்காரு, அதனால தெரியல, ஆனா படம் ஆடல. எழுந்திருந்தா ஆடியிருக்கும்.”

“யாரு இவங்க?” என்றார் அண்ணன்.

“சாட்சிங்க” என்றாள் லிஃப்ட்டம்மா.

இனிமேல் ஓட்டிக் காட்டுவதைத் தவிர வழியில்லை. அவள் படுக்கையறைக்குப் போய்ப் பெட்டியைத் தங்கள் வைஃபைக்கு மாற்றினாள். இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று. ஹாலில் டிவித் திரையில் ‘நம்ம குடும்பம்’ என்று வந்தது. “வந்துடுச்சு!” என்று பல்செட்காரர் கைதட்டினார். கீழ்வீட்டார் மூன்று பேரும் கூடவே தட்டினார்கள். படகு ஓட ஆரம்பித்தது. துடுப்பு அசைந்தது, மாமனார் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

ஆனால் சத்தம் வரவில்லை.

“சத்தத்தை அழிச்சுட்டாங்க!” அண்ணன் எழுந்துவிட்டார். “சாட்சி மேல கை வெச்சாச்சு!”

லிஃப்ட்டம்மா ஒலியைக் கூட்டிப் பார்த்தாள், கம்பியை மாற்றிப் பார்த்தாள், வேறொரு வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். அதில் சத்தம் வந்தது. “யாரும் அழிக்கல. ஸ்டுடியோவுல இந்த டேப்போட சத்தத்தை மாத்திக் குடுத்திருக்கற விதம் இந்த மெஷினுக்குப் புரியல. கம்ப்யூட்டர்ல போட்டு வேற விதமா மாத்தணும். ஒரு மணி நேரமாகும்.”

“ஒரு மணி நேரம் எதுக்கு?” என்றாள் டைம்கீப்பரின் தங்கை. “எங்களுக்குத்தான் வசனமெல்லாம் மனப்பாடமாச்சே.”

யாரும் கேட்டுக்கொள்ளாமலே அவர்கள் டிவிக்கு இரண்டு பக்கமும் போய் நின்றார்கள். மனைவிக்கு அண்ணியின் குரல், தங்கைக்கு லிஃப்ட்டம்மாவின் குரல், ஆண்கள் மூன்று பேரும் டைம்கீப்பர் பொறுப்பு. திரையில் மாமனார் வாயைத் திறக்க, டைம்கீப்பர் பேசினார்: “டேய், வெயில் ஏறுது, திருப்புடா.” உதட்டோடு வார்த்தை அச்சாகப் பொருந்தியது. அண்ணன் கொக்கைக் காட்டினார், டைம்கீப்பர் குரலை மாற்றி, “அங்க பாருங்க, அங்க பாருங்க” என்றார். பத்தொன்பதாவது நிமிஷம் வந்தது. திரையில் லிஃப்ட்டம்மா துள்ளி எழுந்தாள். “ஐயோ!” என்று தங்கை அடித்தொண்டையில் அலறிய அலறலில் அண்ணி இங்கேயும் கண்ணை மூடிக்கொண்டாள். படகு கவிழ்ந்தது. அண்ணன் உட்கார்ந்தபடியே கவிழ்ந்தார். படம் ஒரு பெரிய வட்டம் அடித்து நின்றது. தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்த ஒரு கை காமிராவை விடவேயில்லை.

“டேய் அப்பாவைப் புடிடா” என்றார் டைம்கீப்பர், அண்ணன் குரலில்.

“நான் அப்படிச் சொல்லல” என்றார் அண்ணன்.

“வசனம் இதுதாங்க.”

“வசனம் அதுதான். ஆனா இப்படி வழவழன்னு சொல்லல. நான்...” அண்ணன் சோபாவிலிருந்து எழுந்தார். முகம் சிவந்தது. தம்பியை நேருக்கு நேராகப் பார்த்து, ஏரிக்கரைக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினார். “டேய்! அப்பாவைப் புடிடா! காமிராவை விட்றா!”

“விடமாட்டேன் ணே!” பல்செட்காரரும் எழுந்து கத்தினார். “அப்பா இருக்கற ஒரே வீடியோ ணே இது!”

அது வசனத்தில் இல்லை என்று டைம்கீப்பர் நோட்டைப் புரட்டினார். அவர் மனைவி அவர் கையைத் தட்டி நோட்டை மூடவைத்தாள்.

திரையில் மாமனார் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தார். ஏரி அந்த இடத்தில் இடுப்பளவுதான். டைம்கீப்பர் அவசரமாகத் திரும்பித் தன் பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டார். இந்த இடத்தைப் பல்லோடு பேசினால் சரிவராது. மாமனார் பொக்கை வாயைத் திறந்து பேச, அதே பொக்கைக் குரல் ஹாலில் கேட்டது: “எழுந்து நில்லுங்கடா மடப்பசங்களா. இடுப்புக்குத்தான் தண்ணி.”

அப்புறம் மாமனார் சிரித்தார். தண்ணீரைக் கையால் அடித்து அடித்துச் சிரித்தார். டைம்கீப்பரும் கூடவே சிரித்தார். படத்தின் ஓரத்தில் அண்ணன் விரலை ஆட்டித் திட்டிக்கொண்டிருந்தார். ஹாலில் லிஃப்ட்டம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்பா சிரிச்சாரா?” என்றார் அண்ணன் மெதுவாக.

“ரெண்டே கால் நிமிஷம்” என்றார் டைம்கீப்பர். பல் இல்லாததால் வார்த்தை கொழகொழவென்று வந்தது.

“நான் பாக்கவே இல்லையே.”

“நீ என்னைத் திட்டிட்டிருந்தே ணே. நானும் உன்னைத்தான் பாத்துட்டிருந்தேன். கைதான் தானாப் படம் எடுத்திருக்கு.”

“இன்னொரு தடவை போடு.”

நாலு தடவை போட்டார்கள். மூன்றாவது தடவை பல்செட்காரர் தவறான பொத்தானை அமுக்கிப் பந்தாட்டம் ஒன்று ஆரம்பித்துவிட்டது. அதை நிறுத்துவதற்குள் எதிரணி இரண்டு கோல் போட்டுவிட்டது. “அந்த முக்கோணத்தை அமுக்கு, சொன்னாக் கேளு” என்று அண்ணன் அதட்டினார், “உனக்கு என்ன ணே தெரியும்” என்று தம்பி சீறினார். அண்ணி லிஃப்ட்டம்மாவோடு சமையலறைக்குப் போய் டீ போட்டாள். “குளவின்னு அன்னிக்கே என் காதுல ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்ல? இத்தனை வருஷம் ரெண்டு பக்கமும் நான்தானே இழுபட்டேன்” என்று சர்க்கரை டப்பாவை நங்கென்று வைத்தாள். “மன்னிச்சுக்குங்க அக்கா” என்றாள் லிஃப்ட்டம்மா. அண்ணி உடனே மன்னிக்கவில்லை. கோப்பைகளைக் கழுவி முடிக்கிறவரை எடுத்துக்கொண்டாள்.

டீ வந்தபோது டைம்கீப்பர் பல்செட்டை மாட்டப் போனார். பல்செட்காரர் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கீழ் வரிசை தேஞ்சிருக்கு சார். கடிக்கும்போது வலிக்குமே? புதன்கிழமை கடைக்கு வாங்க.”

அண்ணன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

“எனக்கும் ஒண்ணு ஆடுது” என்றார் கடைசியில், யாருக்கும் இல்லாத மாதிரி. “ரெண்டு வருஷமா.”

பல்செட்காரர் ஜன்னல் திரையை விலக்கி, ஒரு நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டார்.

“உக்காரு. வாயைத் தொற ணே.”